வெறும் எடை

புளியரை வேபிரிட்ஜின் கண்ணாடி அறையில்
இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.
கேரளாவுக்குப் போகும் வைக்கோல், கோழி, ஜல்லி,
அங்கிருந்து வரும் மரத்தடி, ரப்பர் ஷீட்டு
எல்லாம் என் விரலைத் தாண்டித்தான் போகும்.
சாரல் நாளில் தார்ப்பாய் குடித்த மழைக்கும்
சேர்த்தே எண் விழும்.
டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள்.
"மழைய நானா ஏத்துனேன், அக்கா?"

என்னை ஏற்றிப் பார்த்தது
கொல்லத்து ஆஸ்பத்திரியின் ஒரு சின்னப் பலகை.
எண்பத்தாறு.
முட்டியை மாற்றித் தருகிறேன், மிச்சம் உங்கள் பாடு
என்றார் டாக்டர்.
உடம்பில் ஒரு கிலோ இறங்கினால்
நடக்கும்போது முட்டிக்கு நாலு கிலோ இறங்குமாம்.
அவர் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை.
ஆக்சில் கணக்கு எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் வீக்கம்.
மத்தி ஏற்றிவந்த ஷாஜகான்
பெட்டியிலிருந்து ஐஸை வாரி
கவரில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.
முட்டியில் வைத்தேன். வீடெல்லாம் கடல் வாடை.
தெருப்பூனை இரண்டு
கட்டிலுக்கடியில் காவல் கிடந்தன.

புனலூரிலிருந்து ரயிலில் வருவாள் லிஜி.
"மடக்கு சேச்சி, குறச்சுகூடி"
என்று சிரித்துக்கொண்டே என் காலை முறிப்பாள்.
பிறகு பிளாஸ்டிக் கோணமானியை வைத்து
மார்க் சொல்வாள்: நாற்பத்தெட்டு.
பள்ளிக்கூடத்திலும் எனக்கு அவ்வளவுதான்.
இங்கே நூற்றுப்பத்து வாங்கினால்தான் பாஸ்.

துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து அமுக்கு,
பத்து எண்ணு, விடு.
காலை நீட்டித் தூக்கு, பத்து எண்ணு, விடு.
ஏழிலேயே பத்து வந்துவிடும் எனக்கு.
இத்தனை வருஷத்தில்
எண்ணில் நான் செய்த திருட்டு அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு.
நைட் ஷிப்டில் பதினோரு மணிக்கு
மூன்று பரோட்டா, மேலே சால்னா,
இரண்டு மணிக்குச் சர்க்கரை தூக்கலாய் டீ,
ஐந்து மணிக்கு யாரோ தந்த நேந்திரம் சிப்ஸ்.
இப்போது சிறுபயறு, முட்டை, கீரை,
தேங்காய் குறைத்த அரைக்குழல் புட்டு.
ஆறாவது வாரம் ஒரு ராத்திரி
ரோட்டோரக் கல்லில் எண்ணெய் சீறும் சத்தம்
ஜன்னல் வழியே வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.
அன்றைய நோட்டில் ஒரு வரி காலி.
லிஜி அந்த இடத்தில் விரலை வைத்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

"வெச்ச இரும்பு எவ்வளவு இருக்கும்?"
"அரைக் கிலோ வரும், சேச்சி."
"அதக் கழிச்சிட்டு எழுது."

எல்லா வண்டிக்கும் ஒரு வெறும் எடை உண்டு.
சரக்கை இறக்கி, மறுபடி மேடையேற்றி,
கழித்துச் சொல்வது என் வேலை.
எனக்கு எது?
உட்கார்ந்த ராத்திரிகளைக் கழிக்கலாமா?
ஆளில்லாத வீட்டுக்குப் போக மனமின்றி
டபுள் ஷிப்ட் பார்த்த அந்த நாலு வருஷத்தை?
எது வண்டி, எது சரக்கு என்று
பிரித்துச் சொல்ல ஆர்.சி. புக் இல்லை.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன்.
லாரி வராத இடைவெளியில்
மேடை மேலே நடக்கிறேன்.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அறுபதடி.
முதலில் வாக்கர், பிறகு கம்பு,
பிறகு கம்பைக் கைப்பிடிச் சுவரில் மறந்துவிட்டு.
ஐந்து கிலோ போயிருக்கிறது.
எங்கள் மேடைக்கு இருபதுக்குக் கீழே கணக்குத் தெரியாது.
அன்றும் எண்பது காட்டியது, இன்றும் எண்பது.
ஆயிரம் வண்டிக்கு நம்பிய இயந்திரம்
என்னைக் கண்டுகொள்ளவில்லை.

நேற்று காற்று ஷாஜகானின் ரசீதைப் பிடுங்கி
சக்கரத்தடியில் போட்டது.
அவன் இறங்குமுன் நான் குனிந்தேன்.
முட்டிக்குள் 'ளொடக்' என்று ஒரு சத்தம்.
ரசீது கையில் வந்துவிட்டது.
எழுந்திருக்கத்தான்
பம்பரைப் பிடிக்க வேண்டியிருந்தது.